மலரில் ஏறாத பெயர்கள்

சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயருக்கு நான்கு சாலைகள் கூடுமிடம் என்று பொருள். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையின் தென் மாவட்டத்தில், பத்து காவானுக்கும் சுங்கை பாக்காப்புக்கும் அண்டையில், ஒரு காலத்தில் கரும்பும் பின்னர் ரப்பரும் செம்பனையும் விளைந்த நிலத்தின் நடுவே இவ்வூர் அமைந்திருக்கிறது. சந்திப்பு என்பதே பெயராகிவிட்ட ஊரைக் கடந்து செல்வோர் பலராகவும் அதன் கதையைக் கேட்போர் சிலராகவும் இருப்பது இயல்புதான். ஆயினும் மலாயாத் தமிழரின் தோட்ட வாழ்க்கை முதன்முதலில் வேரூன்றிய வட்டாரங்களுள் இதுவும் ஒன்று என்பதால், இத்தகைய ஊரின் வரலாற்றை யார் எழுதுவது, எந்தப் பொருளில் அதைக் கையில் ஏந்தக் கொடுப்பது, அதற்கான பணம் எங்கிருந்து வருவது என்னும் கேள்விகள் இங்கே மற்ற இடங்களைக் காட்டிலும் கூர்மையாக எழுகின்றன.

அரசர், ஆளுநர், போர், உடன்படிக்கை ஆகியவற்றைப் பேசும் பெருவரலாற்றிலிருந்து வேறுபட்டு, ஒரு தெரு, ஒரு கோயில், ஒரு பள்ளி, ஒரு தோட்டம் ஆகியவற்றில் வாழ்ந்தவர்கள் என்ன உழைத்தார்கள், எதை உண்டார்கள், எதற்காகக் கூடினார்கள் என்பதைப் பதிவதே உள்ளூர் வரலாறு எனப்படும். அவ்வரலாற்றின் ஒரு துளியை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வகையில் அமைந்த அஞ்சலட்டை, நாட்காட்டி, வில்லை, புத்தகம் போன்றவை நினைவுப்பொருள்கள். வாங்குபவருக்கு நினைவையும் விற்பவருக்கு நிதியையும் தருவதனால், வரலாற்றைக் கொண்டாடுவதும் அதற்குப் பொருள் திரட்டுவதும் அச்சிறு பொருளிலேயே ஒன்றுசேர்ந்துவிடுகின்றன.

பினாங்கில் இவ்விரண்டும் நன்கு நடைபெற்ற இடம் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன். பழைய கட்டடங்களில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்தோரைக் காத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நீங்கியதும், உள்நகரத்தின் குடும்பங்கள் பல வெளியேறின. 1986இல் தொடங்கப்பட்ட பினாங்கு மரபுடைமைக் காப்புச் சங்கமும் பிற ஆர்வலர்களும் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பயனாக, 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. மையப் பகுதியும் அதைச் சூழ்ந்த காப்புப் பகுதியுமாக ஏறத்தாழ 259 ஹெக்டேர் நிலம் இந்த ஏற்பைப் பெற்றது. அதற்கு மறு ஆண்டே, அரசு முதலீட்டு நிறுவனமான கசானாவின் துணையமைப்பாகிய திங்க் சிட்டி, 2 கோடி ரிங்கிட் தொகையுடன் மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, கட்டடச் சீரமைப்புக்கும் பண்பாட்டுப் பணிகளுக்கும் பணம் வழங்கலாயிற்று. ஆண்டுதோறும் ஜூலை 7ஆம் நாளையொட்டி மரபுடைமை விழா எடுக்கப்படுகிறது. 2012இல் அர்மேனியன் தெருவில் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் தீட்டிய, சைக்கிளில் செல்லும் இரு குழந்தைகளின் சுவரோவியம், காந்த வில்லையாகவும் சாவிக்கொத்தாகவும் சட்டையாகவும் அச்சாகி உலகெங்கும் சென்றிருக்கிறது.

அந்த ஓவியம் அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைத் தாங்கிய காந்த வில்லையை வாங்கிச் செல்பவர், அந்தத் தெருவில் யார் வாழ்ந்தார்கள் என்பதை அதிலிருந்து அறிய முடியாது. வில்லை விற்ற பணத்தில் ஒரு காசேனும் அந்த மக்களின் கதையைப் பதிவதற்குச் சென்றாக வேண்டும் என்ற ஏற்பாடும் இல்லை. நினைவுப்பொருள் என்ற பெயருக்கு உரிய நினைவு அதில் எங்கே இருக்கிறது என்று கேட்பது நியாயமே. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பினாங்கு அஞ்சலட்டைகளுக்கும் இதே குறை உண்டு. கௌல்ஃபஸ் என்ற ஜெர்மானியர் போன்ற ஒளிப்படக்காரர்கள் எடுத்த படங்களோடு வெளிவந்த அந்த அட்டைகளில், தமிழர்கள் தொழிலாளியாகவும் மாட்டுவண்டிக்காரராகவும் நகையணிந்த பெண்ணாகவும் தோன்றினார்கள். ஆனால் ஒருவருக்கும் பெயர் இல்லை. ‘கிளிங்’ என்ற சொல் மட்டும் படத்தின் கீழே இருக்கும். தென்னிந்தியரைக் குறிக்க அக்காலத்தில் வழங்கி, இன்று இழிவாகக் கருதப்படும் சொல் அது. அந்த அட்டைகளைச் சேகரித்து, எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எந்தக் காலம் என்று விளக்கம் எழுதி, கூ சல்மா நசுத்தியோனும் மால்கம் வேடும் 2003இல் நூலாக்கியபோதுதான் அவை வரலாற்றுச் சான்றுகளாக மாறின. பொருளோடு சொல்லும் சேர்ந்தால்தான் நினைவு உயிர்பெறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேடவேண்டியதில்லை.

ஜார்ஜ் டவுனில் கட்டடத்தைக் கடந்து மனிதரை நாடிய முயற்சிகளும் இருந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். 2001இல் ‘பினாங்கின் கதை’ என்ற தலைப்பில் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனியே நடந்த கருத்தரங்க வரிசையில் இந்தியர்க்கும் ஓர் அரங்கம் ஒதுக்கப்பட்டது. ஜேனட் பிள்ளை வழிநடத்திய ‘அனாக்-அனாக் கோத்தா’ என்ற திட்டத்தில், அதாவது நகரத்துப் பிள்ளைகள் என்று பொருள்படும் பெயர்கொண்ட திட்டத்தில், உள்நகரச் சிறுவர்கள் தங்கள் தெருவின் பெரியவர்களைக் கண்டு பேசிக் கேட்டதை நாடகமாகவும் படமாகவும் ஆக்கினார்கள். முதியோரின் நினைவைக் கேள்வி கேட்டு ஒலிப்பதிவு செய்து ஆவணமாக்கும் இம்முறை வாய்மொழி வரலாறு எனப்படும்; எழுத்தில் எதையும் விட்டுச் செல்ல வாய்ப்பில்லாத உழைப்பாளிகளின் வாழ்வை அறிய அதுவே முதன்மையான வழி.

இவை யாவும் நடந்தது தீவில். கடலுக்கு இப்பாலுள்ள நிலத்தில் யுனெஸ்கோ வட்டம் இல்லை. வரலாறோ நிறையவே இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலய வளாகத்தில், தென்னிந்திய எழுத்துமுறையில் வடமொழிச் சொற்கள் பொறித்த செரோக் தோக்கூன் பாறை இருக்கிறது. 1845இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைக் கண்டு எழுதினார். ஜூலை மாதத் திருவிழாவுக்கு வரும் பல்லாயிரவரில் எத்தனை பேர் அந்தப் பாறையின் முன் நிற்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

1800இல் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்று, அன்றைய தலைமை ஆளுநரின் பெயரால் வெல்லஸ்லி மாகாணம் என்று அழைத்த இந்நிலத்தில், முதலில் பத்து காவான் பகுதியில் சீனத் தியோச்சூ மக்கள் கரும்பு பயிரிட்டனர். 1840கள் முதல் ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டங்களை அமைத்தபோது, அவற்றுக்கு ஆள் வேண்டி நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் தமிழர்கள். கப்பல் கட்டணத்தையும் முன்பணத்தையும் உழைத்துக் கழிக்கும் வரை தோட்டத்தை விட்டு அகலக்கூடாது என்ற ஒப்பந்தக் கூலி முறையில் அவர்கள் கட்டுண்டிருந்தார்கள். இந்த முறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கரும்பு ஒடுங்கி ரப்பர் எழுந்தது. ஊரிலிருந்து உறவினரையும் சாதிக்காரரையும் திரட்டிக் கொண்டுவரும் கங்காணி முறை வலுத்தது. அதிகாலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்து, உளியும் வாளியுமாக நிரைக்குப் போய், மரத்துக்கு மரம் மங்கில் பால் வடித்து, ஒட்டுப்பாலைக் கிள்ளிச் சேர்த்து, கிராணியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு கோடாக மாறிய வாழ்க்கை இரண்டு, மூன்று தலைமுறைகளுக்கு நீண்டது. ‘பெரட்டு’, ‘மங்கு’, ‘கிராணி’ ஆகியவை தோட்டத்துச் சொற்கள். காலைக் கணக்கெடுப்புக்குக் கூடுவது பெரட்டு, பால் ஏந்தும் கிண்ணம் மங்கு, தோட்டத்து எழுத்தர் கிராணி. இச்சொற்களே இவ்வட்டாரத்தின் மிகப் பழைய நினைவுப்பொருள்கள் என்றும் கொள்ளலாம்.

இன்று பத்து காவானில் தோட்டம் இல்லை. பினாங்கு வளர்ச்சிக் கழகம் 1990கள் முதல் அதைப் புதுநகராக மாற்றியது; விளையாட்டரங்கம் எழுந்தது; 2014இல் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் அங்கிருந்து தீவுக்கு நீண்டது; மின்னணுத் தொழிற்சாலைகளும் 2019இல் ஐகியா அங்காடியும் வந்தன. தோட்டம் போன பின்னும் நிற்பவை பெரும்பாலும் இரண்டுதான்: கோயிலும் பள்ளியும். நிபோங் திபால் அருகே கலிடோனியா தோட்டத்தில் முதலாளிக் குடும்பத்துக்கு உரியதாயிருந்த 99 கதவு மாளிகையைப் பாழடைந்த நிலையிலும் பேய்க்கதை கேட்டுப் பார்க்க வருவோர் உண்டு. அதே தோட்டத்தின் லயன் வீடுகள், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள், எங்கே இருந்தன என்று கேட்டு வருவோர் அரிது. முதலாளியின் கதவுகள் எண்ணப்பட்டிருக்கின்றன. தொழிலாளியின் வீடுகள் எண்ணப்படவில்லை. இந்த ஏற்றத்தாழ்வை நேர்செய்வதே இவ்வட்டாரத்தில் உள்ளூர் வரலாற்றுப் பணியின் முதற்கடமையாக இருக்கவேண்டும்.

அதற்கான கருவியைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை என்பது தமிழரின் பொதுவாழ்வைக் கவனிப்போர்க்குத் தெரியும். கும்பாபிஷேகம், பள்ளியின் பொன்விழா, சங்கத்தின் வெள்ளிவிழா ஆகிய எந்த நிகழ்வானாலும் தமிழர் வெளியிடும் ‘சிறப்பு மலர்’ என்னும் நினைவு நூல், நிதி திரட்டும் வழியாகவும் வரலாற்றைப் பதியும் ஏடாகவும் ஒருங்கே பயன்படுவது. முன்பக்கங்களில் அரசியல் தலைவர்களின் வாழ்த்துச் செய்தி, நடுவில் தல வரலாறு, நிர்வாகக் குழுவினர் படங்கள், பின்பக்கங்களில் நகைக்கடை, புடவைக்கடை, வாடகை லாரி, மளிகைக் கடை ஆகியவற்றின் வாழ்த்து விளம்பரங்கள் என்ற அமைப்பு மாறாமல் வருகிறது. அச்சுச் செலவையும் கடந்து விளம்பரப் பணம் மிஞ்சினால் அது திருப்பணிக்கோ பள்ளிக் கட்டடத்துக்கோ செல்கிறது. மலேசியாவின் பல தோட்டக் கோயில்களையும் பள்ளிகளையும் பற்றி எழுத்தில் எஞ்சியிருக்கும் ஒரே சான்று இத்தகைய மலர்தான் என்ற நிலை பல இடங்களில் காணப்படுகிறது. நூலகங்கள் பலவும் இதைச் சேர்ப்பதில்லை. வீடு மாறும்போது பழைய தாளோடு போய்விடுகிறது. விளம்பரப் பக்கங்களைத்தான் பலரும் புரட்டித் தள்ளுவார்கள், ஆனால் முப்பது ஆண்டு கழித்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு, எந்தத் தெருவில் யார் என்ன வணிகம் செய்தார் என்று காட்டும் பக்கங்கள் அவையே.

மலருக்கு முன்பே தமிழரிடம் வேறு நிதி மரபுகளும் இருந்தன. வணிகத்தில் கைமாறும் ஒவ்வொரு பொதிக்கும் மூட்டைக்கும் சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கு எடுத்துவைக்கும் மகமை, கோயிலின் ஒரு நாள் பூசைச் செலவை ஒரு குடும்பமோ ஒரு தொழிற்குழுவோ ஏற்கும் உபயம், பினாங்குத் தைப்பூசத்தில் துறைமுகத் தொழிலாளரும் தொழிற்சாலை ஊழியரும் ஆளுக்குச் சிறிது போட்டு எழுப்பும் தண்ணீர்ப் பந்தல் ஆகியவற்றை நோக்கினால், பலர் சேர்ந்து சிறு தொகையால் பெரிய காரியம் செய்வது இச்சமூகத்துக்குப் பழகிய கலை என்பது விளங்கும். 1950களில் இதழாளர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் திரட்டிய நிதி, சாதாரண மக்களின் சிறு காசுகளைக் கொண்டு மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல் தொகுப்புக்குத் துணைநின்றது. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்றுத் தொழிலாளரைத் தெருவில் விட்ட காலத்தில், 1960இல் அமைச்சர் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி கட்டினால் தோட்டத்தையே வாங்கலாம் என்று காட்டி, கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கியது. (ரிங்கிட்டை மலேசியத் தமிழர் இன்றும் வெள்ளி என்றே சொல்கிறார்கள்.) பால் வெட்டிய கையால் நிலம் வாங்கிய சமூகத்துக்கு, அந்த நிலத்தின் கதையை எழுதி வைக்கப் பணம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வெளியுலகிலும் நினைவுப்பொருளால் பெருநிதி திரண்டதுண்டு. நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணமின்றித் திட்டம் தடுமாறியபோது, ஆறு அங்குலச் சிறுசிலையை ஒரு டாலருக்கும் பன்னிரண்டு அங்குலச் சிலையை ஐந்து டாலருக்கும் விற்றார்கள். 1885இல் ஜோசப் புலிட்சர் தம் ‘வேர்ல்ட்’ நாளேட்டில், எவ்வளவு சிறிய தொகை தந்தாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவதாக அறிவித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்த்தார். அவர்களுள் பெரும்பாலோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு. கன்னியாகுமரிப் பாறையில் 1970இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் நினைவு மண்டபத்துக்கும் ஒரு ரூபாய் முதலாகப் பொதுமக்களிடம் பெற்ற தொகை பெரும்பங்கு வகித்தது. சென்னையில் 2004இல் சில ஆர்வலர்கள் தொடங்கிய சென்னை நாள், பெரிய அரசு நிதி எதுவுமின்றி, நடைப்பயணமும் படக்காட்சியும் பேச்சுமாக ஆகஸ்டு மாதத்தில் ஒரு வாரத்துக்கு மேல் பரவிவிட்டது. இவை அனைத்திலும் பொதுவாக இருப்பது, கொடுத்தவருக்குத் தாமும் அந்த வரலாற்றில் ஒரு பங்கு என்ற உணர்வு கிடைப்பதே.

அந்த உணர்வில்தான் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. கோயில் குழல்விளக்கின் ஒளியையே மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதப்படும் வழக்கத்தைத் தமிழர் அனைவரும் அறிவர். மலரிலும் அப்படித்தான்: கொடுத்தவர், தலைமை தாங்கியவர், குத்துவிளக்கு ஏற்றியவர் ஆகியோரின் பெயர்களும் படங்களும் நிறைந்திருக்க, கல் சுமந்த பெண்ணும், முதல் பள்ளிக்கூடத்துக்கு அத்தாப்பு ஓலை வேய்ந்தவரும், சம்பளமே சரியாக வராத காலத்தில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த ஆசிரியரும் அதில் ஏறுவதில்லை. விளம்பரம் வாங்குவதால் மலருக்குக் குற்றமில்லை; விளம்பரத்தால் வந்த பணத்தில் எந்தப் பக்கங்கள் எழுதப்படுகின்றன என்பதே பொருட்படுத்தத்தக்கது. அடுத்த கும்பாபிஷேக மலரில் வாழ்த்துச் செய்திகளைப் பாதியாகக் குறைத்து, அப்படி மிஞ்சும் பக்கங்களில் தோட்டத்து லயன்களின் வரைபடத்தையும், எந்த வீட்டில் எந்தக் குடும்பம் இருந்தது என்ற பட்டியலையும் போட்டால், அந்த மலரை எவரும் பழைய தாளோடு எறியமாட்டார்கள். தன் பாட்டியின் பெயர் அச்சான பக்கம் உள்ள புத்தகத்தை யார் எறிவார்?

சிம்பாங் அம்பாட் போன்ற ஊருக்குப் பொருந்தும் நினைவுப்பொருள்களும் இவ்வழியே தெளிவாகின்றன. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தோட்டச் சொல்லும் அதன் விளக்கமும் ஒரு பழைய குடும்பப் படமும் கொண்ட மாத நாட்காட்டி, தமிழர் வீட்டுச் சுவரில் எப்படியும் மாட்டப்படும் பொருள் என்பதால் ஆண்டு முழுவதும் வரலாற்றைக் கண்முன் வைக்கும். பெயரில்லாத காலனிய அட்டைகளுக்கு எதிர்விடையாக, படத்திலிருப்பவரின் பெயரும் தோட்டமும் தொழிலும், குடும்பத்தின் இசைவோடு, பின்புறம் அச்சிட்ட அஞ்சலட்டைகள் வரலாம். எஞ்சியிருக்கும் மங்குகளையும் உளிகளையும் விற்பதைவிடப் பள்ளியின் ஓர் அறையில் வைத்து, அவற்றின் படத்தை விற்பதே தகும். அசல் பொருள் ஊரைவிட்டுப் போனால் திரும்ப வராது.

பள்ளி என்று குறிப்பதற்குக் காரணம் உண்டு. பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. இவ்வட்டாரத்தில் பத்து காவான், வால்டோர், கலிடோனியா, பைராம் என்று தோட்டங்களின் பெயரையே தாங்கியவை பல. ‘லாடாங்’, அதாவது தோட்டம் என்ற மலாய்ச் சொல், பள்ளிப் பலகையில் இன்றும் இருக்கிறது; ஆனால் பலகைக்குக் கீழே நுழையும் பிள்ளைகளில் பலர் ரப்பர் மரத்தில் பால் வடிவதைப் பார்த்ததில்லை. 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைக் கணக்கிட்டு, 2016இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டு விழா கொண்டாடப்பட்டது. அத்தகைய விழாவின் தொடர்ச்சியாக, ஒவ்வொரு தோட்டப் பள்ளியும் தன் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் படமெடுத்துப் பாதுகாப்பது செலவு குறைந்த, பயன் மிகுந்த பணி. நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவாக்கும் தமிழ் மரபு அறக்கட்டளை 2001 முதல் செய்துவரும் பணி இதற்கு வழிகாட்டும். அதை நிறுவியோருள் ஒருவரான க. சுபாஷிணி பினாங்கைச் சேர்ந்தவர் என்பது இவ்வூர்களுக்குப் பெருமை.

பணத்தின் ஒழுங்கு பற்றியும் ஒரு சொல் தேவை. கோயில் கணக்கோடு வரலாற்றுக் கணக்கைக் கலந்தால், அடுத்த திருப்பணி வரும்போது வரலாறு காத்திருக்க நேரும் என்பதால், 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற அமைப்பு ஒன்றின் பெயரில் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. வருமான வரிச் சட்டத்தின் 44(6)ஆம் பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்ற அமைப்புகளுக்குக் கொடுப்பவர்க்கு வரிக்கழிவு உண்டு. பத்து காவான் தொழிற்பேட்டையின் நிறுவனங்களிடம் உதவி கேட்கும்போது இது கைகொடுக்கும். அவர்கள் தொழில் நடத்தும் நிலத்தில் முன்பு உழைத்தவர்களின் கதையைப் பதிய அவர்களிடம் கேட்பது இரந்து நிற்பது ஆகாது. ஆயினும் பெருநிறுவனத்தின் ஒரு காசோலையைக் காட்டிலும் ஐந்நூறு குடும்பங்கள் தந்த பத்துப் பத்து வெள்ளியே இத்தகைய பணியை நிலைக்கச் செய்யும். பணம் கொடுத்த குடும்பம்தான் பெட்டியைத் திறந்து படத்தையும் கொடுக்கும்.

1960இல் இருபது வயதில் பெரட்டுக்கு நின்றவர்கள் இன்று எண்பத்தைந்தை எட்டியிருப்பார்கள் அல்லது கடந்திருப்பார்கள். லயனில் எத்தனை வீடு, கிணறு எந்தப் பக்கம், முதல் சூலம் எந்த மரத்தடியில் நடப்பட்டது, கணக்குப் புத்தகத்தில் யார் யார் பெயர் இருந்தது என்று விரல்விட்டுச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். பேரப்பிள்ளைகளின் கையிலோ ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி எப்போதும் இருக்கிறது. அடுத்த தைப்பூசத்துக்குக் குடும்பம் கூடும் நாளில் ஒரு மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்கி, முதல் கேள்வியாகப் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் போதும். மீதியை அவர்களே சொல்லுவார்கள்.